புதுப்பேட்டையில் ஒரு பகல்

சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தில் அதிகாலைப் பொழுதில் நீங்கள் பலமுறை இறங்கியிருப்பீர்கள். கல்யாண ஜவுளி எடுக்கவோ, மருத்துவரைப் பார்க்கவோ, ஹஜ்ஜுக்குச் செல்லும் உறவினரை வழியனுப்பவோ வந்திருப்பீர்கள். இறங்கியதும் திருவல்லிக்கேணிக்கோ மண்ணடிக்கோ ஆட்டோ பேசுவது நம்மவர் வழக்கம். ஆனால் நிலையத்துக்குத் தெற்கே, நடந்தே போய்விடக் கூடிய தொலைவில், கூவம் ஆற்றை ஒட்டினாற்போல் ஒரு பேட்டை இருக்கிறது. ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் லாரி முதலாளிகளும் தவிர வேறெவரும் அங்கே செல்லும் வேலை வைத்துக்கொள்வதில்லை. புதுப்பேட்டை என்று பெயர். பெயரில்தான் புதுமை; அங்கே விற்கப்படுவதெல்லாம் பழையது.

குர்ஆனும் ஃபிக்ஹும் கற்பித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த இடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மர்ஹூம் எங்கள் அத்தா வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். 1984ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 4 டீசல் வண்டியொன்றை 1988இல் இரண்டாம் கையாக வாங்கினார்கள். அந்த வண்டியில்தான் என் அக்காவைப் பிரசவத்துக்குத் தேனிக்கு ஏற்றிச் சென்றார்கள். என்னை ஓதக் கொண்டுபோய்விட்டதும் அதே வண்டிதான். முழங்கால் வலி வந்து வாடகை ஓட்டத்தை நிறுத்திய பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 2019இல் ஐந்தாண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்து வந்தார்கள். அதற்கு நான்கு மாதம் கழித்து வஃபாத்தானார்கள். வண்டி வீட்டுப் பக்கவாட்டுக் கொட்டகையில் நின்றுவிட்டது.

அந்த ஐந்தாண்டு 2024இல் முடிய இருந்தது. பெயர் மாற்ற வேண்டும், பழுது பார்க்க வேண்டும், மறுபதிவுக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கார் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. திருப்பூரில் இருக்கும் என் அண்ணன், “யார் ஓட்டப் போகிறார்கள்? இரும்புக்குப் போட்டுவிடுவோம்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எனக்குக் கார் ஓட்டவே தெரியாது. அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை; வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய துணியொன்றை நனைத்து வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் பேசி, ஐயாயிரம் முன்பணமும் வாங்கிவிட்டார். அந்த வியாபாரி சொன்ன விலைதான் என்னை உறுத்தியது. “வண்டி மட்டும் என்றால் முப்பதாயிரம், ஆர்.சி. புக்கையும் சேர்த்துக் கொடுத்தால் நாற்பத்தைந்தாயிரம்.” உடைத்து உருக்கப் போகிற வண்டிக்குப் புத்தகம் எதற்கு? காகிதத்துக்கா பதினைந்தாயிரம்? அண்ணனிடம் கேட்டேன். “அதெல்லாம் அவர்கள் வியாபாரம், நமக்கென்ன?” என்றார்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் புதுப்பேட்டைக் கடையொன்றில் வேலை செய்கிறார். ஷஃபான் விடுமுறையில் மத்ரஸா அடைத்திருந்தது. 2024 மார்ச் மாதத்தின் தொடக்கம். ஒரு நடை போய் விவரம் கேட்டு வருவோம், அப்படியே உடைந்து கிடக்கும் முன்கதவின் முக்கோணக் கண்ணாடிக்கும் ஒன்று தேடுவோம் என்று கிளம்பினேன். இன்றைய குழந்தைகளுக்கு அந்தக் கண்ணாடி தெரியாது. குளிர்சாதனம் இல்லாத காலத்துக் கார்களில், கதவுக் கண்ணாடிக்கு முன்னால் சிறியதாக, தனியே திருப்பக் கூடியதாக அது இருக்கும். சற்றே திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் வந்து விழும்.

ஆதித்தனார் சாலையில் இருந்தே கடைகள் தொடங்கிவிடுகின்றன. பழைய ஆட்கள் இன்னும் ஹாரிஸ் ரோடு என்கிறார்கள். சாலையின் இருபுறமும் பம்பர்கள் கோட்டை மதில்போல அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே சந்துகளில் நுழைந்தால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு தனித்தேர்ச்சி: ஒருவரிடம் கதவுகள் மட்டும், அடுத்தவரிடம் விளக்குகள் மட்டும், இன்னொருவரிடம் ஸ்டியரிங்குகள் மாட்டுக்கொம்புபோலத் தொங்கும். நடைபாதையிலே கிரீஸ் படிந்து கறுத்த மண். தலைக்கு மேலே மாடிப்படியில் இருக்கைகள். கூவத்தின் வாடையும் டீசல் வாடையும் கலந்த ஒரு காற்று. இத்தனைக்கும் நடுவே ஒரு தாய் தன் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். குடியிருப்பும் கடையும் அங்கே பிரிந்திருப்பதில்லை.

நான் இங்கே முதன்முதலாக வந்தது 1990இல், அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அன்று பார்த்தவை இன்று இல்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கூடுகளும், உருண்டை முதுகு கொண்ட பழைய ஃபியட்டுகளும், மாரிஸ் மைனர்களும் அன்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெயர் தெரியாத நீளமான அமெரிக்க வண்டி ஒன்றின் முகப்பு மட்டும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திமிங்கிலம் வாய் திறந்ததுபோல் இருந்ததாக எனக்கு நினைவு.

இந்த இடத்தில் சற்று நின்று, பழைய உதிரிபாகம் நம் நாட்டில் இவ்வளவு மதிப்புப் பெற்றது ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் படித்தது வரலாறு; ஆசை விடவில்லை.

சுதந்திரத்துக்கு முன் இந்தியாவில் ஓடிய கார்களெல்லாம் கடல் கடந்து வந்தவையே. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இங்கே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இராணுவம் கழித்துக்கட்டிய ஜீப்புகளும் டிரக்குகளும் ஏலத்துக்கு வந்தன. பிறகு, வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை, இங்கேயே தயாரிப்பவர்கள்தாம் இருக்கலாம் என்று அரசு கொள்கை வகுத்தது. 1950களின் நடுவில் அந்த இரு நிறுவனங்களும் வெளியேறின. அவை விற்றுச் சென்ற வண்டிகள் மட்டும் இங்கேயே தங்கின. ஒரு கியர் பல் உடைந்தால் அமெரிக்காவிலிருந்து வரவழைக்க முடியாது. செத்த வண்டியிலிருந்து எடுத்து உயிருள்ள வண்டிக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. டெல்லியின் மாயாபுரி, கல்கத்தாவின் மல்லிக் பஜார், நம் புதுப்பேட்டை போன்ற சந்தைகளெல்லாம் இந்தத் தட்டுப்பாட்டில் தழைத்தவையே.

மிஞ்சியிருந்த உள்நாட்டுக் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை மூலமாகக் கொண்டு 1957இல் பிறந்தது அம்பாசிடர். பம்பாயில் ஃபியட். நம் சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு. ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948இல் நிறுவப்பட்ட சென்னையின் அசோக் மோட்டார்ஸ்தான் 1955இல் அசோக் லேலண்டாகி லாரி, பஸ் பக்கம் திரும்பியது. ஜீப்பின் கதை நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். 1945இல் லூதியானாவில் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முஹம்மதும் கூட்டாக நிறுவிய கம்பெனியின் பெயர் ‘மஹிந்திரா அண்டு முஹம்மத்’. பிரிவினையின்போது குலாம் முஹம்மத் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948இல் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ ஆயிற்று. எங்கள் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறும் ஜீப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் மறைந்துபோன அந்தப் பெயரை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நிற்க. மாணவர் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து ஸலாம் சொன்னார். கை கொடுக்கக் கூச்சப்பட்டார், கையெல்லாம் கறுப்பு. நானே பற்றிக்கொண்டேன். அவருடைய முதலாளி அறுபதைத் தாண்டியவர்; வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய கைலி, காதில் பென்சில். “வாங்க ஹஜ்ரத், உட்காருங்க” என்று ஓர் இருக்கையைக் காட்டினார். அது பஸ்ஸிலிருந்து கழற்றிய இருவர் இருக்கை. கடையிலிருந்த சாமான்கள் எல்லாமே, நாங்கள் தேநீர் வைத்துக் குடித்த மேசை உட்பட, ஏதோ ஒரு வண்டியின் உறுப்பாக இருந்தவை.

கடைக்குப் பின்னால் சிறு முற்றம். அங்கே ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றது. ஏதோ அரசு அலுவலகத்தில் ஓடிக் கழிக்கப்பட்டு ஏலத்தில் வந்தது என்றார்கள். அன்று அதைப் பிரிக்கப் போகிறார்கள். பார்க்கிறீர்களா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், பிறகு பார்க்கிறேன் என்றேன். எங்கள் வண்டிக்கு என்ன நேரும் என்று தெரிந்துகொள்ளத்தானே வந்திருந்தேன்.

மூன்று பேர். முதலில் பேட்டரியைக் கழற்றி எடுத்தார்கள். பிறகு டேங்கிலிருந்த டீசலைக் குழாய்வழி இறக்கினார்கள். எஞ்சின் ஆயிலைத் தகரத்தில் பிடித்தார்கள். அதன் பின் கண்ணாடிகள், ஒரு கீறல் விழாமல். இரப்பர் சட்டத்தைக் கத்தி முனையால் நெம்பி, முன்கண்ணாடியை இரண்டு பேர் இருபுறமும் ஏந்தி, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோலச் சுவரோரம் சாய்த்தார்கள். கதவுகள், இருக்கைகள், டாஷ்போர்டு, ஒயர்கள். ஒயருக்குள் இருக்கும் செம்புக்குத் தனி விலை. செயின் பிளாக்கைக் கட்டி எஞ்சினைத் தூக்கியபோது வண்டியின் மூக்கு மேலே எழும்பியது. பாரம் போய்விட்டது அல்லவா. கியர் பாக்ஸ், அச்சு, ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் போய்க் கடைசியில் வெறும் கூடு. காஸ் கட்டர் அதை நான்கு துண்டாக்கியது. சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கிக் குட்டியானையில் ஏற்றிவிட்டார்கள். முற்பகலில் தொடங்கிய வேலை அஸருக்குப் பாங்கு சொல்லும்போது முடிந்திருந்தது.

ஆடு உரிப்பதில் தேர்ந்தவர்கள் செய்வதை நீங்கள் ஹஜ்ஜுப் பெருநாளில் பார்த்திருப்பீர்கள். எந்த மூட்டில் கத்தி வைத்தால் எலும்பு தானே விலகும் என்று அவர்களுக்குத் தெரியும். தோல் ஒருவருக்கு, கால் ஒருவருக்கு, குடல் ஒருவருக்கு என்று எதுவும் வீணாவதில்லை. எனக்கு அந்த நினைவுதான் வந்தது. இதில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. லாரிகளின் ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர்கள் வாங்கிச் சென்று அரிவாளும் கத்தியும் அடிக்கிறார்கள். அந்த எஃகு எளிதில் மழுங்குவதில்லை. உங்கள் வீட்டுக் குர்பானிக் கத்தி எந்த லாரியோடு ஊர் சுற்றியதோ!

மாணவர் தம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ஒயிட் என்ற சிற்றூர். 1931இல் பலசரக்குக் கடையாகத் தொடங்கிய ஒரு குடும்பத்தின் நிலத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கார்கள் காட்டுக்குள் கிடக்கின்றன. பைன் மரம் எஞ்சின் இருந்த இடத்தில் முளைத்து வண்டியையே தூக்கி நிற்கிறது. மக்கள் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, காட்டுப் பாதையில் நடந்து, துருப்பிடித்த அழகைப் படம் எடுக்கிறார்கள். “இங்கே மரம் முளைக்கிறவரைக்கும் எவன் விட்டுவைப்பான் ஹஜ்ரத்!” என்று சிரித்தார் மாணவர். உண்மைதான். நிலம் மலிந்த நாட்டில் பழைய வண்டி காட்சிப்பொருளாகிறது. ஏழை நாட்டில் அது மூலப்பொருள். பழமையைக் கண்ணாரக் காண விரும்புவோர் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் ஓட்டித் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் பெயரால் அமைந்தது அது. குழந்தைகளை அழைத்துச் செல்லத் தகுந்த இடம்.

லுஹருக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனோம். உளூச் செய்யும் இடத்தில் வேலைக்காரப் பையன்கள் சோப்புத்தூளும் மரத்தூளும் போட்டு முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: “ஹஜ்ரத், எவ்வளவு தேய்ச்சாலும் நகக்கண்ணுல கறுப்பு போக மாட்டேங்குது. உளூ கூடுமா? அதை நினைச்சே சில நாள் தொழாம இருந்திருக்கேன்.” கட்டியாகப் படிந்து தோலுக்குத் தண்ணீர் சேராமல் தடுக்கும் கிரீஸை அகற்ற வேண்டும், அகற்றிய பின் நிறம் மட்டும் தங்குவதால் குற்றமில்லை என்று சொன்னேன். மருதாணி நிறம்போலத்தான் அது. அவர் முகம் தெளிந்தது. இருபது ஆண்டுகளாக உளூவின் பாடம் நடத்துகிறேன். இந்தக் கேள்விக்காக ஒருவர் தொழுகையை விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

தொழுது வந்து சாப்பிட்ட பிறகு முதலாளியிடம் என் விஷயத்தைச் சொன்னேன். ஆர்.சி. புத்தகத்துக்குப் பதினைந்தாயிரம் என்றதும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

“ஹஜ்ரத், கொடுத்துட்டீங்களா?”

“இல்லை பாய். முன்பணம்தான் வாங்கியிருக்கிறோம்.”

“அல்ஹம்துலில்லாஹ். கேளுங்க. வண்டிய உடைக்கிறவனுக்குப் புக்கு தேவையில்ல. புக்குக்குத் தனி விலை சொல்றவன் உங்க வண்டிய வாங்கல, உங்க நம்பர வாங்குறான். எங்கேயோ திருடின ஒரு வண்டியில உங்க சேஸிஸ் நம்பரை அடிப்பான். அது உங்க அத்தா பேருல ரோட்ல ஓடும். நாளைக்கு அது யாரையாவது அடிச்சிட்டாலோ, அதுல எதையாவது கடத்தினாலோ, போலீஸ் உங்க வீட்டுக் கதவைத் தட்டும். மவுத்தானவர் பேருல எஃப்.ஐ.ஆர். வரும்.”

எனக்கு வியர்த்துவிட்டது. உயிரோடிருந்த காலத்தில் ஒருமுறைகூடக் காவல் நிலையப் படியேறாதவர்கள் எங்கள் அத்தா.

முறையாகச் செய்ய வேண்டியதை அவரே விளக்கினார். ஊர் திரும்பிச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம் என்பதால் எழுதுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி, ஒரு வண்டி அழிந்துவிட்டாலோ இனி எக்காலத்தும் ஓடாது என்ற நிலையை அடைந்தாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும். அவர்கள் பதிவை ரத்து செய்வார்கள். 2021இல் வந்த புதிய விதிகளின்படி, அரசிடம் பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களில் வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். புதிய வண்டி வாங்கும்போது அதைக் காட்டிச் சாலைவரியில் சலுகை பெறவும் இடமுண்டு. சொந்த உபயோக வண்டிக்கு 25 விழுக்காடு வரை; வாடகை வண்டிக்கு 15 விழுக்காடு வரை. எப்படிக் கொடுத்தாலும், பதிவு ரத்தாகாமல் சான்றைக் கைமாற்றக் கூடாது. சேஸிஸ் எண் பொறித்த இரும்புத் துண்டை வெட்டித் தனியே எடுத்துவிட வேண்டும்.

இந்தச் சந்தைகளுக்குத் திருட்டுப் பழி உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. உத்தரப்பிரதேசத்து மீரட்டில் சோட்டிகஞ்ச் என்ற இடம் திருட்டு வண்டிகளை உடைப்பதற்கே பெயர் பெற்றிருந்தது. 2021 டிசம்பரில் காவல்துறை அந்தச் சந்தையையே அடைக்க வைத்தது. அங்கே நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் கூடவேதான் தெருவுக்கு வந்தார்கள். “ஒருத்தன் செய்யறதுக்குத் தெரு முழுக்கப் பேரு கெடுது” என்று முதலாளி அலுத்துக்கொண்டார். தமது கடைக்கு வரும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் கொடுத்தவரின் அடையாள அட்டை நகலையும் ஒரு நீண்ட நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். பல வருட நோட்டுகள் பரணில் அடுக்கப்பட்டிருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சிலவற்றை இழந்ததுதான் அவருக்குப் பெருங்கவலை. அந்த வெள்ளத்துக்குப் பிறகு பல மாதங்கள் முற்றம் நிறையத் தண்ணீரில் மூழ்கிச் செத்த கார்களாகவே வந்தனவாம். இருக்கையைத் தூக்கினால் அடியில் மீன் இருந்தது என்றார்.

ஆபத்தும் இருக்கிறது. பழைய பேட்டரியின் ஈயம் இரத்தத்தில் கலந்தால் எளிதில் போகாது. சிறுவர்களுக்கு மிகக் கேடு. 2010இல் மாயாபுரியில் ஒரு பல்கலைக்கழகம் கழித்துக்கட்டிய கதிர்வீச்சுக் கருவி பழைய இரும்போடு இரும்பாக வந்து சேர்ந்தது. உள்ளே கோபால்ட் இருப்பது அறியாமல் அதை உடைத்தார்கள். பலர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். அன்று நான் பார்த்த மூவரில் ஒருவர் மட்டுமே கையுறை அணிந்திருந்தார். காஸ் கட்டர் பிடித்தவர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். காலில் இரப்பர் செருப்பு. நல்ல மனிதரான அந்த முதலாளியிடம் இதைச் சொன்னேன். “வாங்கிக் கொடுத்தேன் ஹஜ்ரத், போட மாட்டேங்குறாங்க” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

முக்கோணக் கண்ணாடி அந்தக் கடையிலேயே கிடைத்தது. சற்றுமுன் பிரித்த வண்டியினுடையது. நானூறு ரூபாய் கேட்டார். கொடுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் நகக்கீறல் அளவு ஒரு விரிசலைக் காட்டினார். “இது இருக்கு. பார்த்துக்குங்க. வேண்டாம்னா வேற தேடலாம்.” முந்நூறுக்குத் தந்தார். ஃபிக்ஹுப் பாடத்தில் விற்கும் பொருளின் ‘அய்ப்’ பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. குறையை மறைத்து விற்றால் வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்றெல்லாம் அதில் வரும். என் மாணவர் ஓதிய காலத்தில் அந்த அத்தியாயத்தில் தூங்கி விழுவார். இப்போது அவரேதான் குறையுள்ள பாகங்களில் மஞ்சள் பெயிண்டால் புள்ளி வைக்கிறார். கடைக்குள் சுற்றிப் பார்த்தேன். நிறைய மஞ்சள் புள்ளிகள்.

அடுத்து டிரன்னியன் வேண்டும் என்றேன். அம்பாசிடரின் முன்சக்கரம் திரும்புகிற மூட்டு அது; நம் தோள்மூட்டு போல. கிரீஸ் வைக்காமல் விட்டால் தேய்ந்துவிடும். எங்கள் வண்டி ஐந்தாண்டு நின்றதில் அது கெட்டுப்போயிருப்பதாக ஊர் மெக்கானிக் சொல்லியிருந்தார். முதலாளி தலையை ஆட்டினார். “அது நான் தர மாட்டேன். கைவசம் நாலு இருக்கு. ஆனா பழசு போடக் கூடாது. அது விட்டுச்சுன்னா சக்கரம் மடங்கிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல புதுசு கிடைக்கும், பையனை அனுப்புறேன்.”

இங்கே 1990ஆம் ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். அன்று அத்தா வந்தது ஒரு பிரேக் டிரம் வாங்க. இந்தப் பேட்டையின் வேறொரு சந்தில், பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்த டிரம் ஒன்றைக் குறைந்த விலைக்குப் பெற்று மகிழ்ச்சியோடு ஊருக்கு வந்தார்கள். மூன்று வாரம் கழித்துக் குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும் கொண்டையூசி வளைவில் பிரேக்கை மிதித்தபோது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. உள்ளே டிரம் இரண்டாகப் பிளந்திருந்தது. வண்டியில் ஒரு தாயும் கைக்குழந்தையும் உட்பட ஐந்து பேர். அத்தா கியரைக் குறைத்து, பள்ளத்தின் பக்கம் போகவிடாமல் மலைச்சுவரில் உரசி நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை. கழற்றிப் பார்த்தால் பெயிண்டுக்கு அடியில் பழைய வெல்டிங் தழும்பு. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அந்த டிரம்மின் ஒரு பாதியைத் தூக்கி எறியாமல் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். அது இன்றும் அங்கே தொங்குகிறது. ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, “நீ மலிவா எதையாச்சும் வாங்கும்போது ஞாபகம் வரட்டும்னுதான்” என்றார்கள்.

இதை முதலாளியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். எந்தச் சந்து என்று கேட்டார். முப்பத்துநான்கு வருடமாகிவிட்டது, நினைவில்லை என்றேன். நினைவிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய, மூல உருவம் மாறாத கார்களுக்கு ‘விண்டேஜ்’ என்று தனிப் பதிவு 2021இல் வந்திருக்கிறது. அவற்றை உடைக்க வேண்டியதில்லை. அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவே. “உங்களது எண்பத்துநாலு. இன்னும் பத்து வருஷம் ஓட்டிட்டா போதும் ஹஜ்ரத்.” 2014இல் உத்தர்பாரா ஆலை அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது, இனி எண்ணிக்கை குறையத்தான் செய்யும். வியாபாரியாக அவர் எங்களை வண்டியை விற்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை.

இரயிலில் கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, “எஃப்.ஐ.ஆரா? அத்தா பேருலயா?” என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த நாளே திருப்பூரிலிருந்து ஊருக்கு வந்துவிட்டார்.

ரமழான் பிறப்பதற்குள் முக்கோணக் கண்ணாடியை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். அம்மா வந்து அதைத் திருப்பித் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். பெருநாளுக்குப் பிறகு டிரன்னியன் வேலை முடிந்தது. வண்டியை அம்மா பெயருக்கு மாற்றி, ஐயாயிரம் கட்டி, ஆய்வாளரிடம் காட்டி ஐந்தாண்டு வாங்கினோம். பணம் அண்ணனுடையது. அவரேதான் ஓட்டிக்கொண்டும் போனார்.

வியாபாரியிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். ரூபாயை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. வாசல்வரை கூடவே வந்து, அண்ணனின் தோளைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “சரி, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். புக்கை மட்டுமாவது தர்றீங்களா? இருபதாயிரம் தர்றேன்.”

புக் இப்போது அம்மாவின் பீரோவில், கல்யாணப் பதிவுத் தாளுக்கு அடியில் இருக்கிறது.